உறக்க நேரத்துப் பூச்சாண்டி

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி இறங்கவில்லை. பாளையங்கோட்டையில் ஏறி கங்கைகொண்டான் தாண்டி இறங்குவதற்குள் வாயெல்லாம் மண். மேற்கே மலையில் சாரலாம். எங்களுக்கு வந்து சேர்வது ஈர வாசனை மட்டும்.

செய்ய: ஜன்னல் கொக்கி. சத்துமாவு டப்பாவை வெயிலில் வைக்க. எடை பார்க்காத பிள்ளைகள் பாக்கி. பெரியவளுக்கு போன் ரீசார்ஜ்.

அங்கன்வாடியில் எனக்குப் பிடித்த நேரம், சோறு முடிந்து பாய் விரிக்கிற நேரம். முட்டை வாசனை போகாத வாய்களோடு எல்லாம் வரிசையாகக் கிடக்கும். வேப்ப மர நிழல் ஜன்னல் வழியே தரையில் ஆடும். காற்று நாளில் அறையே ஆடுகிற மாதிரி இருக்கும். ஆயா செல்லத்தாய் அக்கா நடுவில் உட்கார்ந்து, ஒரு கைக்கு ஒரு முதுகு என்று தட்டிக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"கண்ண மூடு. தொறந்து வச்சிருக்க பிள்ளையத்தான் இந்திக்காரன் சாக்குல போட்டுட்டுப் போவான்."

அவ்வளவுதான். எல்லாக் கண்ணும் மூடிவிடும். ரோஷ்னிதான் முதலில் மூடுவாள், இமை சுருங்கச் சுருங்க. நாலு வயது. ஊர் ஜார்க்கண்ட் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேருக்கும் தொழிற்பேட்டையில் கம்பெனி வேலை. பொங்கல் லீவு முடிந்து சேர்ந்தவள், அதற்குள் செ. அக்கா பேசுகிற தமிழ் அப்படியே வந்துவிட்டது. போன வாரம் டீச்சரான என்னையே "ஏட்டி" என்று கூப்பிட்டாள்.

நானும் நாற்காலியில் கண்ணயர்ந்தேன். பாயெல்லாம் ஆற்றில் மிதக்கிறது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டே போகிறார்கள். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் துணி துவைக்கிற பெண்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். நான் கரையில் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டே ஓடுகிறேன். விழித்தபோது வாயோரம் எச்சில். யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

காற்று. கொக்கி வாங்கவில்லை, சேலைக் கிழிசலால் கட்டினேன்.

ரோஷ்னியும் தன்சிகாவும் ஒரே பாய். தன்சிகா எதிர்ச் சாரியில் லோடு ஆட்டோ வைத்திருக்கும் இசக்கி அண்ணாச்சியின் மகள், எங்கள் மையத்தின் அறிவிக்கப்படாத தலைவி. ரோஷ்னியின் முடியைத் தொட்டுக்கொண்டே தூங்குகிறாள். நிறத்தில் இரண்டும் ஒரே கறுப்பு. யார் எந்த ஊர் என்று வந்து பார்க்கிறவருக்குச் சொல்லாமல் தெரியாது.

செ. அக்காவின் பூச்சாண்டிகள், நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து: கொம்பு மாடு. ஊசி நர்ஸ். கிணத்துக்குள் இருக்கிற ஆள். கொரோனா. இப்போது இந்திக்காரன். வடக்கே இருந்து கம்பெனிக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள், அப்புறம் போனில் பிள்ளை பிடிக்கிறவன் வீடியோ வர ஆரம்பித்தது. அக்கா பூச்சாண்டியை மாற்றிவிட்டாள். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. மத்தியானம் அறை அமைதியாகக் கிடந்தால் போதும் எனக்கு.

ராத்திரிக்கு சுண்டவத்தல் குழம்பு. வீட்டுக்காரர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஜூலை 10, வியாழன்

எழுத்து கோணல்.

தினமும் சாயங்காலம் அம்மாதான் ரோஷ்னியைக் கூப்பிட வருவாள். அவளுக்கு ஷிப்ட் மாறிவிட்டதாம், இன்று மத்தியானமே அப்பா வருவார் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். பெயர் மனோஜ். நான் அதுவரை பார்த்ததில்லை.

பிள்ளைகள் பாதித் தூக்கத்தில். வாசலில் ஒருவர் வந்து நின்றார். காற்றுக்குத் தலையிலும் முகத்திலும் துண்டைச் சுற்றியிருந்தார். தோளில் சாக்கு. உள்ளே பார்த்து இந்தியில் ஏதோ கேட்டார்.

தன்சிகாதான் முதலில் எழுந்தாள். "இந்திக்காரன்!" அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே அலறல். பாய்க்கடியில் போனது இரண்டு, அடுப்பறைக்குள் ஓடியது நாலு. ரோஷ்னியும் அலறினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, செ. அக்கா மடியில் போய் விழுந்து, "இந்திக்காரன், இந்திக்காரன்" என்று.

அவர் துண்டை அவிழ்த்து, பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் தலையை எடுக்கவே இல்லை.

நான் எழுந்து போவதற்குள் எதிர் டீக்கடையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். இசக்கி அண்ணாச்சி சட்டையைப் பிடித்துவிட்டார். சாக்கைப் பிடுங்கி எறிந்தார்கள். கோதுமை மாவு மண்ணில் கொட்டிக் காற்றில் பறந்தது. செருப்பில்லாமல் ஓடினேன். "விடுங்க அண்ணாச்சி, இவரு ரோஷ்னியோட அப்பா" என்று கத்தினேன்.

அண்ணாச்சி பிடியை விடாமல் என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்பன்னா பிள்ள எதுக்கு டீச்சர் அலறுது?"

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்த ஆள்தான் போனை எடுத்துக் காட்டினார். ரயில் ஜன்னலில் அவரும் ரோஷ்னியும், அவள் அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு. ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். அப்புறம்தான் விட்டார்கள். யாரோ "போ வே, போ" என்றார்கள். சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். உள்ளே எட்டிப் பார்த்தார். அவள் இன்னும் கண்ணை மூடியேதான் இருந்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வெறும் சாக்கை மடித்துக்கொண்டு போனார்.

ஜூலை 11, வெள்ளி

ரோஷ்னி வரவில்லை.

செ. அக்கா காலையிலிருந்து பாத்திரத்தை உடைக்கிற மாதிரி கழுவினாள். மத்தியானம் அவளாகவே பேச்செடுத்தாள். "நான் அந்தப் பிள்ளையவா சொன்னேன் டீச்சர்? அது நம்ம பிள்ளல்லா."

ரோஷ்னியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்றேன், தான் இந்தப் பக்கத்துப் பிள்ளை, இந்திக்காரன் வேறு யாரோ என்று. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வைதிருக்கலாம் அவளை, வையவில்லை. வைதால் என்னையும் சேர்த்து வைய வேண்டும்.

போன வருஷம் பயிற்சியில் சொன்னார்கள், பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது, இனம் சாதி நிறம் பார்த்துப் பேசக் கூடாது என்று. கையெழுத்து போட்டோம். டீயும் முறுக்கும் கொடுத்தார்கள். சாதிக்கும் நிறத்துக்கும் நாங்கள் ஜாக்கிரதைதான், அக்கா அதெல்லாம் வாயில் எடுக்க மாட்டாள். இது அந்தக் கணக்கில் வரும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மூன்று நாலு வயதில் யாரைக் கண்டு பயப்பட வேண்டும் என்று நாங்கள்தான் சொல்லிக் கொடுக்கிறோம். மீதியெல்லாம் அதற்குமேல்தான் வளர்கிறது. வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை. பிரசங்கம் காதில் ஏறவில்லை, ஃபேன் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் சபைப் பெண்கள் குரூப்பில் அதே வீடியோ. 'வடக்கே இருந்து வந்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கவனிக்கவும்.' இதில் யாராவது ஒருத்தர் நேரில் பார்த்தீர்களா என்று எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தி ரோஜாப்பூ படத்தோடு வேத வசனம் போட்டாள். வீட்டுக்காரர், "ஒனக்கு எதுக்கு இந்த வேலை?" என்றார். அப்புறம் அவரே பைக்கை எடுத்தார்.

செ. அக்காவையும் ஏற்றிக்கொண்டு, மூன்று பேராக, கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற லைன் வீடுகளுக்குப் போனோம். ஒரே அறை. ரோஷ்னி அக்கா மேல் பாய்ந்து தொங்கினாள். மனோஜ் எழுந்து சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். முழுக்கை.

அம்மாக்காரி கம்பெனியில் கற்றுக்கொண்ட தமிழில் சொன்னாள். இந்த மாசக் கடைசியில் மச்சினன் ஊருக்குப் போகிறான், ரயிலில் அவனோடு பிள்ளையை அனுப்பிவிடப் போகிறார்கள். மாமியார் வளர்ப்பாள். தாங்கள் இருந்து சம்பாதிப்பார்கள். டிக்கெட் போட்டாயிற்று.

மனோஜ் எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஏதோ சொன்னார். அவள் தமிழில் சொன்னாள். "நைட் வேல முடிஞ்சி வீட்டுக்கு வந்தா, பாப்பா கண்ண மூடிக்குது. அவுங்க அப்பாவப் பாத்து."

செ. அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தை நாங்கள் கொடுத்தோம், நாங்களே எடுக்கிறோம், மாசக் கடைசி வரை பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். எப்படி எடுப்பேன் என்று எனக்கே தெரியாது. அவரும் கூட வந்து பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்றேன். மனோஜ் தன் சட்டைக் காலரைத் தொட்டுக் காட்டினார், மறுபடி பிடிப்பார்களே என்று. நான் நிற்பேன் என்றேன். திரும்பி வரும்போது பாதையில் மான்கள், காட்டோரம் காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூலை 14, திங்கள்

ரோஷ்னி வந்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இந்திக்காரன் இல்லாத முதல் மத்தியானம். ஒன்று கூட தூங்கவில்லை. செ. அக்கா தட்டுகிறாள், தட்டுகிறாள், வாய் பேச்சில்லாமல் துடிக்கிறது. கடைசியில் தன்சிகா தலையைத் தூக்கி, "ஆயாம்மா, இந்திக்காரன் செத்துப்போயிட்டானா?" என்றாள். அவன் ஊருக்குப் போய்விட்டானா என்று இன்னொன்று. அந்தக் கதையைச் சொல்லு என்று எல்லாம் சேர்ந்து கேட்டன. பயமும் அதுகளுக்கு ஒரு தலையணை போல ஆகிவிட்டது.

அக்கா என்னிடம், "வேற என்னதான் சொல்லுறது டீச்சர்?" பயிற்சியில் அதை யாரும் சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

மனோஜ் வந்தார். நைட் ஷிப்ட் முடித்து, தூங்காமல். கேட்டுக்கு வெளியே வேம்படியில் நின்றார், உள்ளே வர மாட்டேன் என்றார். டீக்கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னபடி கேட்டருகே போய் நின்றேன், வெயிலில்.

அப்புறம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மாமாவுக்கு வணக்கம் சொல்லுங்க என்றேன். என் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாம் பாட்டுப் போல "வணக்கம் மாமா" என்றன. கலெக்டர் வந்தால் சொல்கிற அதே ராகம். அவர் கைகூப்பினார், முகம் செத்துப்போய்விட்டது. பாடம் நடத்துகிற புத்தி என்னை விட்டுப் போகாது போல.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. காற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். வேப்பம்பழம் வாசல் நிறைய.

இன்று படி வரை வந்தார். வாசற்படியில் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். செ. அக்கா கேட்காமலேயே தன் டிபனைத் திறந்து சோறும் புளிக்குழம்பும் வைத்தாள். அவர் சாப்பிட்டார், காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பின்னால் ஒரு கிசுகிசுப்பு. "இந்திக்காரன் சோறு திங்கான்." "கொழம்பும் ஊத்திருக்கான்." பாயை விட்டு ஒவ்வொன்றாக நகர்ந்து வந்தன.

தன்சிகா அவர் பக்கத்தில் வைத்திருந்த சாக்கிடம் போய்விட்டாள். "இதுல பிள்ள இருக்கா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டுத் திறக்கவில்லை. அவருக்குக் கேள்வி புரியாவிட்டாலும் விரல் காட்டிய இடம் புரிந்தது. சாக்கை விரித்து அவள் முன்னால் வைத்தார். எல்லாத் தலையும் உள்ளே. ஒரு தூக்குவாளி. அழுக்கு யூனிபார்ம். சீப்பு. பாதி பிஸ்கட் பாக்கெட். தன்சிகாவுக்கு நம்பிக்கையில்லை. காலை உள்ளே விட்டு, அது தன்னைக் கொள்ளுமா என்று பார்த்தாள். இடுப்பு வரை போனது. அப்படியே நின்றுகொண்டு, "கொள்ள மாட்டேங்குது" என்று எங்களுக்கு அறிவித்தாள்.

மனோஜ் சிரித்துவிட்டார். அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். ரோஷ்னி தூரத்தில் நின்று அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. ஆனால் கண்ணை மூடவும் இல்லை.

நடு ராத்திரி எழுந்து எழுதுகிறேன். கனவில் மறுபடி ஆறு. சாக்கு ஒன்று மிதந்து வருகிறது, உள்ளே சீப்பு.

ஜூலை 18, வெள்ளி

சாயங்காலம் இசக்கி அண்ணாச்சி வந்தார். வீட்டில் தன்சிகா சாக்குக் கதையைச் சொல்லியிருக்கிறாள். மகளைச் சாக்கில் போட்டதாகவே அவர் எடுத்துக்கொண்டார். அவள் தானே ஏறினாள் என்று சொன்னேன். கேட்கவில்லை.

"அந்த ஆளு இங்கன இருந்தா எம்பிள்ளைய அனுப்ப மாட்டேன் டீச்சர். எல்லார்ட்டயும் சொல்லுவேன்."

சொல்லுங்கள் என்றேன். அவரும் ஒரு பிள்ளைக்கு அப்பா, நீங்களும் அப்பா, எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்றேன். குரல் கொஞ்சம் தூக்கலாகவே போய்விட்டது. அவர் ஆட்டோவை எடுத்த வேகத்தில் வேப்பம்பழம் தெறித்தது. பஸ்ஸில் வரும்போது அழுகையாக வந்தது, கோபத்தில்.

ஜூலை 21, திங்கள்

தன்சிகா இல்லை. அவளைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் இல்லை. ரோஷ்னி பாயில் ஒரு பக்கம் மட்டும் படுத்துக்கொண்டாள், மறுபக்கத்தைக் காலியாக வைத்து.

மனோஜ் இன்று உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தன்னால்தான் பிள்ளைகள் வரவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து போகப் பார்த்தார். செ. அக்கா வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டாள். தமிழில் என்னவெல்லாமோ சொன்னாள், அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. உட்கார்ந்துவிட்டார்.

ரயில் அடுத்த வாரம். எடை ஸ்கேல் பேட்டரி தீர்ந்துவிட்டது. மழை வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

ஜூலை 23, புதன்

மேகம். மத்தியானமே சாயங்காலம் மாதிரி.

தன்சிகா வந்தாள். வீட்டில் இரண்டு நாள் ஊரைக் கூட்டி அழுதாளாம். அப்பாவுக்குத் தெரியாமல் அவள் அம்மா கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வந்ததும் ரோஷ்னியின் முடியைப் பிடித்துக்கொண்டாள்.

மனோஜுக்கு நேற்று இரட்டை ஷிப்ட். கண் சிவந்து வந்தார். சுவரோரம் சாய்ந்தார், கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார், பாய்களுக்கு நடுவில் அப்படியே தூங்கிவிட்டார். வாய் திறந்து. சின்னக் குறட்டை. செ. அக்கா எழுப்பப் போனாள், நான் வேண்டாமென்றேன்.

பிள்ளைகள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தன. ரொம்ப நேரம். இவ்வளவு பெரிய ஆள் தூங்கி அதுகள் பார்த்ததில்லையோ என்னவோ. ரோஷ்னி எழுந்து போனாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். செ. அக்கா தட்டுகிற மாதிரியே அவர் நெஞ்சில் தட்ட ஆரம்பித்தாள். "ஒறங்கு, ஒறங்கு" என்று, தமிழில். கொஞ்ச நேரத்தில் அவர் கைமேல் தலையை வைத்து அவளும் தூங்கிவிட்டாள். செ. அக்கா அடுப்பறைக்குள் போய்விட்டாள். எனக்கும் கண் மறைத்தது.

அப்போதுதான் ஆட்டோ சத்தம். இசக்கி அண்ணாச்சி, கூட இரண்டு பேர். மகள் இங்கே இருப்பது தெரிந்துவிட்டது. வரும்போதே சத்தம், "டீச்சர், ஒங்ககிட்ட என்ன சொன்னேன்" என்று. நான் எழுந்து வாசலுக்குப் போவதற்குள் தன்சிகா என்னைத் தாண்டி ஓடிப் போய் நிலையில் நின்றாள். இரண்டு கையாலும் வாசலை மறித்துக்கொண்டு.

"யப்பா, பைய பேசு. மாமா ஒறங்குதாவ."

அவளுக்குப் பின்னால் மற்றதுகளும் வந்து நின்றன, வாயில் விரலை வைத்துக்கொண்டு. எல்லாமே.

அண்ணாச்சி உள்ளே பார்த்தார். தூங்குகிற ஆளை, அவர் கையில் கிடந்த பிள்ளையை. கூட வந்தவர்களில் ஒருத்தர் செருமினார், ஒரு பிள்ளை அவரை முறைத்தது. அண்ணாச்சி என் பக்கமாகக் குனிந்து, குரலே வராமல் கேட்டார்.

"நைட் ஷிப்டா?"

ஆமா என்றேன்.